அரியலூர் கல்லைப் படித்தவர் இமயத்தில் உயிர் விட்டார்!

அரியலூர் என்றதும் சிமெண்டு நினைவுக்கு வரும். சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அந்தச் சீமையில் பூமிக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

அந்தக் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கும். நத்தை இருக்கும். சில கற்களில் ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்ட ஓர் உருவம் இருக்கும்.

கடலே கண்ணுக்குத் தெரியாத கரிசல் காட்டில், கடல் பிராணிகள் எப்படி வந்தன?

ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது! ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் பல முறை உள்ளே வந்தது. பல முறை பின்வாங்கியது. செத்த பிராணிகளின் ஓடுகள் அடியில் குவிந்தன. இறுகின. கல்லாயின.

அந்தப் பிராணிகளை இனம் இனமாகப் பிரித்து, பெயர் கொடுத்து, படங்களோடு புத்தகம் ஆக்கியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் பெயர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா.

36 வயதில், இமயத்துக்கு அப்பால், ஒரு மலைப்பாதையில் அவர் மாண்டார்.

காட்டில் பிறந்தவர்

ஸ்டோலிச்கா 1838-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பிறந்தார். ஊர், மொரேவியா நாட்டில் குரோமெரீஷ் நகருக்குப் பக்கத்தில். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது.

தந்தைக்கு, காட்டைப் பராமரிக்கும் வேலை. மரம், பறவை, பூச்சி, கல் ஆகியவற்றின் நடுவே பையன் வளர்ந்தான்.

பிறகு வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் எட்வர்டு சூயஸ். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நிலநூல் மேதை இவர். இப்போது ஆல்ப்ஸ் மலையும் இமயமலையும் நிற்கும் இடத்தில், முன்பு ஒரு நீண்ட கடல் கிடந்தது என்று சொன்னவர் இவர்தான். 1893-ம் ஆண்டு அதற்கு டெதிஸ் என்று பெயர் வைத்தார். அந்தக் கடலின் மிச்சம்தான் மத்தியதரைக் கடல். அதைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள் பலவும் அந்தப் பழைய கடலின் அடியில் படிந்தவை.

இப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்த ஸ்டோலிச்கா, 1861-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரிய அரசின் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, ஆல்ப்ஸ் மலையிலும் ஹங்கேரியிலும் வேலை செய்தார்.

கல்கத்தாவில் காத்திருந்த கற்கள்

1862-ல் இந்தியாவில் இருந்து அழைப்பு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம், கற்களில் பதிந்த உயிர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொண்டிருந்தார். 24 வயது ஸ்டோலிச்கா கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தவை எவை தெரியுமா? திருச்சி ஜில்லாவின் கற்கள்!

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சி ஜில்லாவில் சேர்ந்திருந்தன. ஹென்றி பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் அங்கே ஊர் ஊராக ஆராய்ந்து, கல் அடுக்குகளை மூன்றாகப் பிரித்திருந்தார். அடியில் இருப்பது ஊட்டத்தூர் அடுக்கு. நடுவில் இருப்பது திருச்சி அடுக்கு. மேலே இருப்பது அரியலூர் அடுக்கு. அந்தப் பெயர்கள் உலகம் முழுவதும் பரவின.

ஆனால் பிளான்போர்டு 1862-ல் வேலையை விட்டு விலகினார். சேகரித்த பிராணிகளில் ஒரு சிறு பகுதியைப் பற்றித்தான் அவர் எழுதியிருந்தார். மீதி வேலை ஸ்டோலிச்காவின் தலையில் விழுந்தது.

அவர் சளைக்கவில்லை. ஒவ்வொரு சிப்பியையும் எடுத்தார். அளந்தார். ஐரோப்பாவில் கிடைத்த சிப்பிகளோடு ஒப்பிட்டார். முதலில் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகள். பிறகு நத்தைகள். பிறகு இரட்டைச் சிப்பிகள். கடைசியாகக் கடல் முள்ளெலிகளும் பவளங்களும்.

வேலை 1873 மே மாதம் முடிந்தது. மொத்தம் நான்கு பெரிய தொகுதிகள். ஏறக்குறைய 1,500 பக்கங்கள். 178 படத்தாள்கள்!

மலை அழைத்தது

இந்த வேலைக்கு நடுவிலேயே, 1864-லும் 1865-லும், அவர் இமயத்துக்குப் போனார். அவர் ஆராய்ந்த இடங்களில் முக்கியமானது ஸ்பிட்டி. மரம் இல்லாத, மழை குறைந்த, வெறும் பாறை நாடு.

அங்கே கரிய களிக்கல்லில் அம்மோனைட்டுகள் கிடந்தன. நம் வீடுகளில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் இந்த இனம்தான். அதற்கும் மேலே, சிக்கிம் என்ற சிற்றூருக்கு அருகில், உச்சியில் சுண்ணாம்புக்கல் நின்றது. (சிக்கிம் மாநிலம் வேறு, இந்த ஊர் வேறு.) அந்த ஊரின் பெயரையே அவர் அந்தக் கல்லுக்கு வைத்தார்.

அரியலூர்க் கற்கள் படிந்த அதே யுகத்தில்தான் அந்தக் கல்லும் படிந்தது. ஆனால் அரியலூர், கடல் மட்டத்துக்குச் சில நூறு அடி உயரத்தில் இருக்கிறது. ஸ்பிட்டிக் கல்லோ 14 ஆயிரம் அடிக்கு மேலே நிற்கிறது!

காரணம் என்ன? இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது. நடுவில் இருந்த கடலின் தரை மடிந்து, மலையாக எழுந்தது. அரியலூர்ப் பக்கம் மோதல் இல்லை. கடல் மட்டும் விலகிப் போனது. இந்த விளக்கம் ஸ்டோலிச்கா காலத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கு வேண்டிய சான்றுகளைத்தான் அவரைப் போன்றவர்கள் நடந்து நடந்து சேர்த்தார்கள்.

கடைசிப் பயணம்

அரியலூர்ப் புத்தகம் முடிந்த அதே 1873-ம் ஆண்டு, டக்ளஸ் போர்சித் தலைமையில் ஓர் அரசாங்கத் தூதுக்குழு மத்திய ஆசியாவில் உள்ள யார்க்கண்டுக்குப் புறப்பட்டது. ஸ்டோலிச்காவும் சேர்ந்து கொண்டார்.

லடாக்கைக் கடந்து குழு சென்றது. போகும் வழியிலேயே அவர் கடுமையாக நோயுற்றார். தேறினார். காஷ்கர் சென்றார். 1874 வசந்தத்தில் பாமீர் மலைகளுக்கும் போய் வந்தார். வழியெல்லாம் கற்களும் பறவைகளும் சேர்த்தார்.

திரும்பும்போது காரகோரம் கணவாயைக் கடக்க வேண்டும். உயரம் 18 ஆயிரம் அடி. அங்கே காற்று, கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அவருக்குத் தலைவலி வந்தது. மூச்சு இரைத்தது. இருமல் வந்தது. அப்படி இருந்தும் பாறைகளைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை.

1874 ஜூன் 19-ந் தேதி, முர்கோ என்ற இடத்தில் உயிர் பிரிந்தது.

உயரமான மலையில் ஏறுகிறவர்களுக்கு இந்த அறிகுறிகள் வந்தால், உடனே கீழே இறக்கிவிட வேண்டும் என்பது இன்று மருத்துவர்கள் சொல்லும் முதல் பாடம். அன்று அது தெளிவாகத் தெரியாது.

நண்பர்கள் உடலை லே நகருக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். அரசாங்கம் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. அவர் சேர்த்த பொருள்களைப் பற்றி மற்ற அறிஞர்கள் எழுதினார்கள். 1878 முதல் 1891 வரை அந்தப் புத்தகங்கள் வெளிவந்தன.

அழியாத பெயர்

ஓர் அம்மோனைட் இனத்துக்கு 1875-ல் ஸ்டோலிச்காயா என்று பெயர் வைத்தார்கள். கட்ச் பகுதியில் அவர் கண்டு 1872-ல் எழுதிய ஒரு சிறு பறவையும் அவர் பெயரால் வழங்குகிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. அதை 1940-ல் வெளி உலகுக்கு எடுத்துக் காட்டியவர் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற தமிழ்நாட்டு நிலவியல் அறிஞர். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.

சுரங்கத்தில் வெட்டிய கல் சிமெண்டாகி வீடாகிவிடுகிறது. அதற்குள் இருந்த உயிர்களின் கதை மிஞ்சுவது புத்தகத்தில்தான். இன்றும் அரியலூரில் ஒரு புதுச் சிப்பி கிடைத்தால், அது முன்பே தெரிந்த இனமா என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது ஸ்டோலிச்காவின் பக்கங்களைத்தான்!