சூலையும் உழவாரமும்

உலகை ஆக்கிக் காக்கும் இறைவன் குறைவிலா நிறைவினன் என்றால், அவ்வுலகில் நோயும் வெள்ளமும் பஞ்சமும் இருப்பது எவ்வாறு பொருந்தும்? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1755 இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது ஐரோப்பிய அறிஞர் இதனை வினவினர். 2016 மே 17 இல், தெரணியகலையைப் போலவே கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மண்சரிவு மூடியபோது, நம் மலைநாட்டிலும் இவ்வினா எழாமல் இராது. துன்பத்திலேயே தொடங்கிய திருநாவுக்கரசர் வாழ்வை இவ்வினாவோடு வைத்துப் பார்த்தல் தகும்.

ஏழாம் நூற்றாண்டில், திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாய்ப் பிறந்த மருணீக்கியாரே பின்னாளில் நாவுக்கரசர் ஆனார். இளமையிலேயே பெற்றோர் இருவரும் மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பி துணையற்றவராவார் என்பதற்காகவே உயிர் தாங்கினார். நிலையாமை உணர்ந்த மருணீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார். பின்னர்ச் சமண் சமயம் சார்ந்து, பாடலிபுரத்துப் பள்ளியில் தருமசேனர் எனப் பெயர் பெற்றார்.

அங்கே அவரைச் சூலைநோய் பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பயன்தரவில்லை. இரவோடிரவாகத் திருவதிகை அடைந்து, தமக்கையார் அளித்த திருநீற்றை ஏற்று, வீரட்டானத்துப் பெருமான் திருமுன் பாடினார். அம்முதற் பதிகத்தில் தத்துவ விசாரணை இல்லை. வலி பொறுக்கவில்லை என்ற முறையீடே உண்டு. நோய் நீங்கிற்று.

தமக்கையார் வேண்டுதலுக்கு இரங்கி அந்நோயைத் தந்தவனும் இறைவனே எனச் சேக்கிழார் மறையாது கூறுகின்றார். பேரருளாளன் நோய் தரலாமா என்பார்க்குச் சைவசித்தாந்தம் விடை கூறும். இறைவன் உயிர்களை இன்மையிலிருந்து ஆக்கியவனல்லன். உயிரும் அதனைப் பற்றிய ஆணவ மலமும் தொடக்கமில்லாதவை. வினைப்பயனை ஊட்டி அவன் உயிரைப் பக்குவப்படுத்துவது, மருத்துவன் கட்டியை அறுத்து நோய் தீர்ப்பது போன்றது. இவ்விடை நுட்பமானது. ஆயினும், மண்ணுள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று இதனை உரைக்க எவருக்கு நா எழும்?

நாவுக்கரசரும் உரைத்தாரல்லர். திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன், விருந்துக்கு வாழைக் குருத்து அரியச் சென்று அரவு தீண்டி இறந்தான். அது முன்னை வினை என்று பெற்றோர்க்கு அவர் ஆறுதல் கூறவில்லை, பிள்ளையின் உடலைக் கோயிலுக்குக் கொணர்வித்துப் பாடினார், பிள்ளை எழுந்தான். திருவீழிமிழலையைப் பஞ்சம் வாட்டியபோதும் பஞ்சத்துக்குக் காரணம் ஆராயவில்லை. தமக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் கிடைத்த பொற்காசு கொண்டு அடியார்க்கு அமுது நடந்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்ட வணிகர், நாவுக்கரசர் காசை வாசியின்றி ஏற்றனர். அவர் கையால் தொண்டு செய்தவர் என்பதே அதற்குக் காரணம் என்கின்றது புராணம்.

இவ்வற்புதங்களை வரலாறாகக் கொள்ளாதாரும் இவற்றினூடே ஓடும் ஒரு நெறியைக் காணலாம். தம் நோயை அருளென்று கொள்ளும் உரிமை நோயுற்றவருக்கே உண்டு. அவ்வுரிமையைத் தமக்குக் கொண்ட நாவுக்கரசர், பிறர் துன்பத்துக்கு அவ்விளக்கத்தைச் சுமத்தவில்லை. பிறர் துயரின் முன் அவர் செய்தது தொண்டு ஒன்றே.

எண்பத்தோராண்டு வாழ்ந்து, ஒரு சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்பர். அங்கும் இறுதிவரை உழவாரம் கொண்டு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். இறைவன் ஏன் துன்பம் வைத்தான் என்ற வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. மலை சரிந்த நாளில் மண்வெட்டியோடு ஓடிவரும் அயலான், அவ்வினாவுக்கு விடை அறியான்; எனினும் நாவுக்கரசர் வழியிலேயே நிற்கின்றான்.