தந்தை வேடம்

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில் 1847-ம் ஆண்டு பிறந்தவன் ஜெஸ்ஸி ஜேம்ஸ். பாங்கிகளையும் ரெயில்களையும் கொள்ளையடித்தான். கொலையும் செய்தான். ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தான் என்பது வெறும் கட்டுக்கதை!

அவனைப் பிடிக்கப் பரிசு அறிவித்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு மனைவி மக்களுடன் வாழ்ந்தான்.

1882, ஏப்ரல் 3-ந் தேதி. சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சரி செய்ய, நாற்காலி மேல் ஏறினான். பின்னால் நின்ற கூட்டாளி பாப் போர்டு சுட்டுவிட்டான்! ஜெஸ்ஸிக்கு வயது 34. மகனுக்கு 6.

போர்டு அந்தக் கொலையையே நாடக மேடையில் நடித்துக் காசு சேர்த்தான். 1892-ல் அவனையும் ஒருவன் சுட்டுக் கொன்றான்.

தந்தையை இழந்த சிறுவன் வளர்ந்து வக்கீல் ஆனார். 1921-ல் ஜெஸ்ஸியின் கதை மவுனப் படமாக வந்தது. அதில் ஜெஸ்ஸியாக நடித்தவர் அந்த மகனேதான்!