தோட்டை அடகு வைத்துத் தொழில் தொடங்கிய பெண்

காதில் கிடந்த வைரத் தோட்டைக் கழற்றினாள். அடகுக் கடைக்குப் போனாள். கிடைத்த பணத்தைக் கொண்டு ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள்.

அவள் இளம் விதவை. மடியில் கைக்குழந்தை. கணவன் கல்யாணத்துக்குப் போட்ட தோடு அது. அதைத் தவிர அவளிடம் வேறு சொத்து இல்லை.

போடிநாயக்கனூரில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊர் அது. விடியும் முன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி மலைமேல் போவார்கள். பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள். கையில் நாலு காசு சேர்ந்தால் ஒரு ஜோடித் தோடு வாங்குவார்கள். கஷ்டம் வந்தால் அதே தோடு அடகுக் கடைக்குப் போகும். தோடுதான் அவர்களுடைய பாங்கி.

ஆனால் இந்தக் கதை போடியில் நடந்தது அல்ல. கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரத்தில், நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு நடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் லேனா. அந்தத் தையல் இயந்திரத்தில் இருந்து வளர்ந்த கடை, பிற்காலத்தில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலருக்குத் துணி விற்றது.

தாய் இல்லாத பெண்

ஐரோப்பாவில் லித்துவேனியா என்று ஒரு நாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஓர் ஏழை யூதக் குடும்பத்தில், 1870-களின் கடைசியில் லேனா பிறந்தாள். அவள் பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோனாள். தாத்தாவும் பாட்டியும் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள்.

அப்போது ருஷ்ய ஆட்சியில் யூதர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பிழைப்புக்கு வழி இல்லை. உயிருக்கும் பயம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போயின.

1895-ல் லேனாவும் கப்பல் ஏறினாள். அப்போது அவளுக்குச் சுமார் 16 வயது. தூரத்து உறவினர்கள் அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். வழிச்செலவையும் அவர்களே கொடுத்தார்கள்.

சும்மா கொடுக்கவில்லை. தங்கள் மகனுக்கு அவளைக் கட்டிவைத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் லேனாவுக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு அந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பதினாறு வயதுப் பெண். தெரியாத ஊர். புரியாத பாஷை. அழைத்துவந்தவர்களையே பகைத்துக்கொண்டாயிற்று. எங்கே போவது?

அக்காள் வீடு

லேனாவின் அக்காள் நியூயார்க்கில் இருந்தாள். தங்கை அக்காளிடம் போய்ச் சேர்ந்தாள்.

அக்காள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட லேனாவுக்கு மனம் இல்லை. பெண்களின் உள்ளாடை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரத்துக்கு ஒரு டாலர் சம்பளம். லேனாவின் கை சுத்தமான கை. பார்த்ததைப் பிடித்துக்கொள்ளும் புத்தியும் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அவளுடைய வாரச் சம்பளம் 15 டாலராக உயர்ந்தது.

1899-ல் டேவிட் பிரையண்ட் என்பவரை மணந்துகொண்டாள். அவரும் ருஷ்யாவில் இருந்து வந்தவர்தான். நகை வியாபாரி. கல்யாணத்துக்கு அவளுக்கு வைரத் தோடு போட்டார். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. ரஃபேல் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. டேவிட்டைக் காசநோய் பிடித்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே தகப்பன் போய்விட்டார்.

லேனா மறுபடியும் அக்காள் வீட்டுக்கு வந்தாள். பட்டறைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? வீட்டிலேயே தைக்கலாம். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டுமே! அப்போதுதான் தோடு அடகுக்குப் போனது.

கை நடுங்கியது, பெயர் மாறியது

லேனா வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பெண்களுக்கான மெல்லிய உடுப்புகளைத் தைத்தாள். தையல் அழகாக இருந்தது. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வந்தாள். 1904-ல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ என்னும் சாலையில் ஒரு சிறிய கடையை வாடகைக்குப் பிடித்தார், லேனா அம்மையார். முன்பக்கம் கடை. பின்பக்கம் தாயும் மகனும் குடியிருக்கும் இடம்.

அக்காள் கணவர் 300 டாலர் கடன் கொடுத்தார். அதைப் போட்டுவைக்க அம்மையார் பாங்கிக்குப் போனார். பாங்கிப் படிகளை மிதித்துப் பழக்கம் இல்லாதவர். பேனாவைப் பிடித்த கை நடுங்கியது. ஆங்கிலத்தில் லேனா என்று எழுதப் போய், எழுத்தை இடம் மாற்றி லேன் என்று எழுதிவிட்டார்.

கணக்கு லேன் பிரையண்ட் என்ற பெயரிலேயே பதிவாகிவிட்டது. தப்பைத் திருத்தச் சொல்ல அவருக்கு வெட்கம். அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தப்பான பெயரே கடையின் பெயரும் ஆகிவிட்டது.

எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர்கள் கையெழுத்துப் போடும்போது கூச்சப்படுவது உண்டு. கூச்சம் வேண்டியது இல்லை. உலகம் அறிந்த ஒரு கடையின் பெயரே இப்படி ஓர் எழுத்துப் பிழையில் பிறந்ததுதான்.

கர்ப்பிணியின் வேண்டுகோள்

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரப் பெண் கடைக்கு வந்தாள். அவள் கர்ப்பிணி. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் உடுத்திக்கொள்ள ஓர் உடுப்பு வேண்டும். உடம்புக்கும் சௌகரியமாக இருக்க வேண்டும், பார்வைக்கும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

இது என்ன பெரிய விஷயம் என்று நமக்குத் தோன்றும். நம் வீடுகளில் பெண் கர்ப்பமானால் ஊரைக் கூட்டி வளைகாப்புப் போடுகிறோம். புடவையில் ஒரு வசதியும் இருக்கிறது. வயிறு பெருத்தால் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம். போன மாதம் கட்டிய புடவையையே இந்த மாதமும் கட்டலாம்.

வெள்ளைக்காரப் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய கவுன் உடம்பு அளவுக்கு வெட்டித் தைத்தது. அதற்குள்ளே இரும்புப் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் கச்சு வேறு. கர்ப்பிணிக்கு என்று தைத்த உடுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. வயிறு தெரியத் தெருவில் நடப்பதை மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். கூலி வேலைக்குப் போக வேண்டிய ஏழைப் பெண்களோ, இருக்கிற துணியை எப்படியோ சுற்றிக்கொண்டு போனார்கள்.

லேனா அம்மையார் யோசித்தார். மேல்சட்டையையும் விசிறி மடிப்பு வைத்த பாவாடையையும் ரப்பர் நாடாவால் இணைத்துத் தைத்தார். வயிறு பெருக்கப் பெருக்க நாடா விரிந்து கொடுக்கும். மடிப்பு இருப்பதால் வயிறு எடுப்பாகவும் தெரியாது.

யோசனை சின்னது. பலன் பெரியது. அந்தப் பெண் தன் சிநேகிதிகளிடம் சொன்னாள். அவர்கள் ஓடி வந்தார்கள். கடையில் தையல்காரிகள் கூடினார்கள்.

பத்திரிகைகள் மறுத்தன

1909-ல் அம்மையார் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். கணவர் ஆல்பர்ட் மால்சின் என்ற என்ஜினீயர். அவரும் லித்துவேனியாவில் பிறந்தவரே. அதன் பிறகு மனைவி தையலைக் கவனித்தார். கணவர் வியாபாரத்தைக் கவனித்தார்.

சரக்கு நன்றாக இருந்தது. ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டுமே! பத்திரிகைகளில் விளம்பரம் போடப் போனார்கள். ஒரு பத்திரிகையும் ஏற்கவில்லை. கர்ப்பிணி என்பதைப் பத்திரிகையில் அச்சிடுவதே அநாகரிகம் என்று நினைத்த காலம் அது.

கணவனும் மனைவியும் விடவில்லை. கடைசியில் 1911-ல் நியூயார்க் ஹெரால்ட் என்ற பத்திரிகை விளம்பரத்தை ஏற்றுக்கொண்டது. விளம்பரம் வெளிவந்த மறுநாளே கடையில் இருந்த அத்தனை உடுப்பும் விற்றுத் தீர்ந்துவிட்டது!

வாங்க ஆள் இல்லாமல் இல்லை. வெளியே சொல்லத்தான் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்துக்கும் மால்சின் ஒரு வழி கண்டார். படங்கள் போட்ட விலைப்பட்டியலை அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். பிடித்ததை எழுதிப் பணம் அனுப்பினால் உடுப்பு பார்சலாக வீட்டுக்கே வந்துவிடும். கடைக்கு வரக் கூச்சப்பட்ட பெண்களும் தூரத்துக் கிராமத்துப் பெண்களும் தபாலில் வாங்கினார்கள். 1917-ல் விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஏலக்காயும் சல்லடையும்

கடைக்கு இன்னொரு வகைப் பெண்களும் வந்தார்கள். அவர்கள் உடம்பு பருத்தவர்கள். அவர்களுக்கு ஏற்ற ஆயத்த உடை எங்குமே கிடைக்கவில்லை. ஒல்லியானவர்களுக்கு வெட்டிய அளவையே கொஞ்சம் பெரிதாக்கித் தருவார்கள். தோளில் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். தப்பு துணியில் இருந்தது. வெட்கப்பட்டதோ பெண்.

மால்சின் என்ஜினீயர் அல்லவா? அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். தம் வாடிக்கைக்காரப் பெண்களில் 4,500 பேருடைய அளவுகளைச் சேகரித்தார். ஒரு இன்ஷுரன்ஸ் கம்பெனி வைத்திருந்த சுமார் 2 லட்சம் பெண்களின் அளவுகளையும் வாங்கி ஆராய்ந்தார்.

பருத்த பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்ல என்பது தெரிந்தது. அவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்று கண்டார். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வெட்டித் தைத்தார்கள். உடை உடம்பில் சரியாக உட்கார்ந்தது.

போடி மக்களுக்கு இது எளிதாகப் புரியும். மலையில் பறித்த ஏலக்காயை உலர்த்தி, சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பிறகுதான் காய் ஏலத்துக்குப் போகிறது. ஏலக்காயில் பருத்த காய்க்குத்தான் விலை அதிகம்! எல்லாக் காயையும் ஒரே கண் உள்ள சல்லடையில் அடக்கப் பார்ப்பவன் வியாபாரி ஆக மாட்டான். ஆனால் பெண்களின் உடை விஷயத்தில் அதைத்தான் அதுவரை எல்லாரும் செய்துவந்தார்கள்.

1923-ல் விற்பனை 50 லட்சம் டாலர் ஆயிற்று. கர்ப்பிணி உடைகளைவிடப் பருத்தவர்களுக்கான உடைகளே அதிகம் விற்றன.

மீண்டும் துயரம்

அதே 1923-ல் மால்சின் காலமானார். அம்மையார் இரண்டாவது முறை கணவரை இழந்தார். இப்போது நான்கு பிள்ளைகளுக்குத் தாய். தொழிலை விடவில்லை. பிள்ளைகளும் வளர்ந்து கடைப் பொறுப்பை ஏற்றார்கள். கைக்குழந்தையாக இருந்த ரஃபேல் பிற்காலத்தில் கம்பெனியின் தலைவரானார்.

வாரம் ஒரு டாலருக்குத் தைத்த நாட்களை அம்மையார் மறக்கவில்லை. கம்பெனியின் லாபத்தில் தொழிலாளருக்குப் பங்கு கொடுத்தார். ஓய்வூதியம் கொடுத்தார். வைத்திய உதவியும் இன்ஷுரன்ஸும் ஏற்பாடு செய்தார். அமெரிக்காவிலேயே பல முதலாளிகள் இவற்றைப் பற்றி நினைக்காத காலம் அது.

தீயிலோ வெள்ளத்திலோ துணிமணிகளை இழந்த வாடிக்கைக்காரருக்கு இலவசமாகப் புது உடை கொடுப்பதும் அந்தக் கடையின் வழக்கம். 1947-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் நகரத் துறைமுகத்தில் உரம் ஏற்றிய கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். வீடுகள் நாசமாயின. தபாலில் துணி வாங்கும் 58 வாடிக்கைக்காரர்கள் அங்கே உடைமைகளை இழந்திருந்தார்கள். அவர்களுக்குக் கம்பெனி புது உடைகள் கொடுத்தது.

1951-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி லேனா அம்மையார் நியூயார்க்கில் காலமானார். 1982-ல் கம்பெனி வேறு கைக்கு மாறியது. ஆனாலும் பெயர் மாறவில்லை. நடுங்கிய கையால் எழுதிய அந்தத் தப்பான பெயரைத் தாங்கிய கடைகள் அமெரிக்காவில் இன்றும் இருக்கின்றன.

அளவு நாடா

லேனா அம்மையார் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. கையில் முதல் இல்லை. அவரிடம் இருந்தவை மூன்று: கைத்தொழில், அக்காள் வீட்டு ஆதரவு, ஒரு ஜோடித் தோடு.

அழகான உடை தைத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்த உடைக்குள் அடங்குவதற்காகப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடங்காதவர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். லேனா அம்மையாரோ பெண்ணின் உடம்பை அளந்துவிட்டு, அதற்குத் தக்கபடி துணியை வெட்டினார். கர்ப்பிணி தலைநிமிர்ந்து தெருவில் நடந்தாள். பருத்தவள் கூச்சம் இல்லாமல் கடைக்குள் நுழைந்தாள்.

மலைச் சரிவில் உள்ள ஊர்களிலும் பல வீடுகளில் தையல் இயந்திரம் ஓடுகிறது. தோட்டத்து வேலை இல்லாத நாட்களில் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த இயந்திரங்களில் சிலவும் தோட்டை அடகு வைத்து வாங்கியவையே. தோட்டைக் கழற்றுவது பெண்ணுக்கு மனக்கஷ்டம்தான். ஆனால் அதைக் கொண்டு ஒரு தொழிலை வாங்கினால், தோடு ஒருநாள் காதுக்குத் திரும்பி வரும்.