வாந்திபேதியின் விஷத்தைக் கண்டறிந்த டாக்டர் சம்புநாத் டே

வாந்திபேதி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஊர் முழுதும் நடுங்கிய காலத்தை நம் சங்கத்து முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்திருப்பர். காலையில் திடகாத்திரனாய் வயலுக்குச் சென்றவன் மாலையில் கண் குழிந்து, குரல் கம்மி, கைகால் குளிர்ந்து கிடப்பான். அரிசி கழுவிய நீர்போல் பேதியாகி, தேகத்திலுள்ள நீரெல்லாம் வற்றிப்போகும். அம்மனுக்குப் பொங்கலிடுவதும், ஊரை விட்டு ஓடுவதும் அன்றி வேறு வழி அறியாதிருந்தனர் மக்கள். அத்தகைய கொடிய குடல்நோய் மனிதனைக் கொல்லும் விதம் யாது என்பதை விளக்கிக் காட்டிய பெரியார் நம் பாரத தேசத்தவரே என்பதை எத்தனை பேர் அறிவர்? அவரது சரிதத்தை நம் அன்பர்கள், விசேஷமாக வைத்தியக் கல்வி பயிலும் நம் பிள்ளைகள், அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

சம்புநாத் டே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த கரிபாட்டி என்னும் கிராமத்தில் ஜனனமானார். தந்தையார் தாசரதி டே; தாயார் சத்தேஸ்வரி தேவி. குடும்பம் செல்வமுடையதன்று. பிள்ளையின் புத்திக்கூர்மையும், உபகாரச் சம்பளமும், மனமுவந்து உதவினோர் ஆதரவுமே அவரை மேலே கொண்டுசென்றன. கிராமத்துப் பாடசாலையிலும் ஹூக்ளி மொஹ்சின் கலாசாலையிலும் பயின்று, பின் கல்கத்தா வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து 1939-இல் வைத்தியப் பட்டமும், 1942-இல் உஷ்ண தேசத்து நோய்களைப் பற்றிய டிப்ளமாவும் பெற்றார். பணம் ஈட்டுதற்கு வைத்தியத் தொழில் நல்ல வழியாயிருந்தும், அவர் மனம் நோய்களின் காரணத்தை ஆராய்வதிலேயே நாட்டங்கொண்டது.

1947-இல் சீமைக்குச் சென்று லண்டன் மாநகரில் ஸர் ராய் காமரன் என்னும் பேராசிரியரிடம் மாணவரானார். காமரன் ஈரல் நோய்களின் ஆராய்ச்சியிற் கீர்த்தி பெற்றவர். பிராணிகளில் நோயை உண்டாக்கி அதன் போக்கை அடிமுதல் நுனிவரை பார்த்தறியும் முறையில் வல்லவர். டே அங்கு ஆராய்ந்தது வேறு விஷயமாயினும், கைப்பற்றிக்கொண்டு வந்தது இம்முறையையே. 1949-இல் பி.எச்.டி. பட்டத்துடன் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் வாந்திபேதி ஆராய்ச்சி எந்நிலையில் இருந்தது என்பதை இங்கே சிறிது சொல்லவேண்டும். 1884-இல் ஜெர்மானியப் பண்டிதர் ராபர்ட் காக் அதே கல்கத்தாவுக்கு வந்து, நோயாளிகளின் குடலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கிருமி ஒருவித விஷத்தைக் கக்குகிறது என்றும் அவர் ஊகித்தார். ஆனால் அவ்விஷத்தை ஒருவராலும் கண்ணெதிரே காட்ட இயலவில்லை. கிருமியின் உடலுக்குள்ளேயே விஷம் அடங்கியுள்ளது, கிருமி சிதைந்தால்தான் அது வெளிப்படும் என்னும் கொள்கை நாளடைவில் வலுத்தது. வளர்ந்த பிராணிகளுக்குக் கிருமியை ஊட்டினால் நோய் வருவதில்லை; இரத்தத்திற் செலுத்தினாலோ மனிதர்க்கு வரும் நோய்போல் இருப்பதில்லை. இப்படியே ஏறக்குறைய எழுபது வருஷம் கழிந்தது. டேயும் முதலில் குடலை விட்டு, வாந்திபேதியில் மூத்திரக் கிரந்திகள் கெடுவதைத்தான் ஆராய்ந்தார். பெரியோரும் சில காலம் பக்கத்துத் தெருவில் தேடுவதுண்டு.

பின்னர் குடலிடமே வந்தார். அவர் செய்தது மிக எளிய காரியம். ஒரு முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சுமார் 4 அங்குல நீளத்தை இருபுறமும் நூலாற் கட்டினார். அப்பகுதிக்குள் வாந்திபேதிக் கிருமிகளை ஊசியாற் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்க்க, கட்டிய பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது! கிருமி செலுத்தாத பகுதியோ வற்றிக் கிடந்தது. டாக்டர் சட்டர்ஜியுடன் சேர்ந்து செய்த இப்பரிசோதனை 1953-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. நூலும், ஊசியும், முயலும், எங்கே பார்க்கவேண்டும் என்னும் அறிவுமே வேண்டியிருந்தன. நம் நாட்டு ஆராய்ச்சிச்சாலைகளில் கருவியில்லை என்று கைகட்டி இருப்போரை நினைக்கும்போது எமக்கு இது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

1955-இல் கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் நோய்க்கூற்றுத் துறையின் தலைவரானார். மறு வருஷமே, சாதாரண பேதி கண்டோரிடம் கிடைத்த கோலி என்னும் வேறொரு கிருமியின் சில வகைகளும் முயற்குடலில் அவ்வாறே நீர் சுரக்கச் செய்வதைக் காட்டினார். குழந்தைகளை வாட்டும் பேதிகள் பலவற்றின் காரணத்தை அறிதற்கு இது வழிதிறந்தது.

இனி 1959-ஆம் வருஷத்துக்கு வருவோம். கிருமிகள் வளர்ந்த திரவத்தை டே வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத தெளிநீராக்கினார். அத்தெளிநீரை முயலின் கட்டிய குடலிற் செலுத்த, முன்போலவே நீர் சுரந்து நிறைந்தது. கிருமியே இல்லாதபோது நீர் சுரந்ததால், கிருமி உயிரோடிருக்கையிலேயே விஷத்தை வெளியே விடுகின்றது என்பதும், அவ்விஷம் குடலின் உட்சுவரிலேயே தன் வேலையைச் செய்கின்றது என்பதும் ஐயமற விளங்கின. அவ்வாண்டு மே மாதம் நேச்சர் என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் இது மிகச் சிறிய கட்டுரையாக வெளிவந்தது. அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் டாக்டர் தத்தா முதலியோரும் முயற்குட்டிகளைக் கொண்டு வாந்திபேதி விஷத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினர் என்பதையும் சொல்லாதிருத்தல் நியாயமாகாது.

அவ்விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க டே முயன்றும் அவருக்கு அது கைகூடவில்லை. அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைன் என்பாரும் அவர் துணைவரும் 1969-இல் அதனைச் செய்து முடித்தனர். குடற்சுவரிலுள்ள நுண்ணறைகளைத் தூண்டி, உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே தள்ளச் செய்வதே அவ்விஷத்தின் தொழில் என்று இப்போது நன்கு விளங்கிவிட்டது. குடல் அழிந்துபோவதில்லை; சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை அது அந்நிலையிலும் உறிஞ்சிக்கொள்ளும். வேறு பலர் ஆராய்ந்தறிந்த இவ்வுண்மையைக் கொண்டு, 1971-இல் வங்காள யுத்தத்தின்போது பங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

இத்தகையவருக்கு நம் நாடு செய்த மரியாதை யாது? சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை இந்நாட்டு விஞ்ஞான சபைகளில் ஒன்றும் அவரை அங்கத்தினராக்கவில்லை. பெரும் பரிசு எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. 1973-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோதும் அவரைப் பற்றிப் பேசியவர் சிலரே. அவரும் தம்மை விளம்பரம் செய்துகொள்ள அறியாதவர். சபைகளையும் பெரிய மனிதர்களையும் நாடிச் செல்லும் வழக்கமும் அவரிடம் இல்லை.

1978-இல் ஸ்வீடன் தேசத்தில் நோபெல் ஸ்தாபனத்தார் வாந்திபேதியைப் பற்றி ஒரு மகாசபை கூட்டி, டேயை அழைத்தனர். 1960-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே தாம் இறந்துபோனவராகவும், இச்சபையாரே தம்மைக் குழியிலிருந்து தோண்டியெடுத்ததாகவும் அவர் அங்கே வேடிக்கைபோற் கூறினார். நோபெல் பரிசு பெற்றவரான அமெரிக்கப் பண்டிதர் ஜாஷுவா லெடர்பர்க் ஒருமுறைக்கு மேற்பட்டு டேயின் பெயரை அப்பரிசுக்குச் சிபார்சு செய்தார், அது நிறைவேறவில்லை.

1985-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி, தம் 70-ஆம் வயதில், டாக்டர் டே காலமானார். பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் ஸயன்ஸ் என்னும் விஞ்ஞானப் பத்திரிகை ஓர் இதழ் முழுதையும் அவருக்கென ஒதுக்கி, லெடர்பர்க் முதலியோரின் கட்டுரைகளோடு வெளியிட்டது. அது 1990-இல், அவர் மறைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.