விவசாயிகளிடம் பாடம் படித்த விஞ்ஞானி

கத்தரிக்காய்க் காம்பு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, வாசலில் கூட்டிய காய்ந்த இலை. இவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடலாம். வீட்டுக்குப் பின்னால் மட்க வைத்து வெண்டைச் செடிக்கும் போடலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், தாங்கள் அறியாமலேயே ஆல்பர்ட் ஹாவர்ட் என்பவரின் பாடத்தைப் பின்பற்றுகிறார்கள். இயற்கை வேளாண்மையின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்தப் பட்டத்தில் வேறு சிலருக்கும் பங்கு உண்டு என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

ஹாவர்ட் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷியர் வட்டாரத்தில், பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் பயின்றார். 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் பணியில் சேர்ந்தார். அங்கே ஓர் எண்ணம் அவரை உறுத்தத் தொடங்கியது. நோயைப் பற்றி அவரால் கட்டுரை எழுத முடிந்தது. தோட்டக்காரர்களுக்கு ஆலோசனையும் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த ஆலோசனையைத் தாமே சோதித்துப் பார்க்க அவரிடம் ஒரு துண்டு நிலம்கூட இல்லை. தான் பயிரிட்டுப் பார்க்காத ஒன்றைப் பிறருக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

அந்த நிலம் 1905இல் இந்தியாவில் கிடைத்தது. பீகாரில் பூசா என்ற இடத்தில் அரசாங்கம் தொடங்கியிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியலாளராக அவர் வந்தார். அதே ஆண்டு கேப்ரியல் மத்தாய் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கேப்ரியல் சாதாரணமானவர் அல்லர். இலைகளில் ஒளிச்சேர்க்கை நடப்பதற்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். பெண் என்பதால் அவருக்கு அரசுப் பதவி உடனே வரவில்லை. முதலில் கணவரின் உதவியாளர் என்ற பெயரில் பணியாற்றி, 1913இல்தான் தாவரவியலாளர் பதவியைப் பெற்றார். பூசாவிலிருந்து வெளிவந்த நல்ல கோதுமை வகைகள் இந்த இருவரின் உழைப்பு.

பூசாவில் ஹாவர்டுக்குச் சுமார் 75 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. உள்ளூர் விவசாயிகளுக்கு நவீன வேளாண்மையைக் கற்பிக்க வந்தவர் அவர். சுற்றிலும் இருந்த வயல்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பூச்சிமருந்தோ செயற்கை உரமோ இல்லாமலே அங்கே பயிர்கள் நோயின்றி நின்றன. அந்த விவசாயிகளையே தம் ஆசிரியர்களாக வைத்துக்கொள்ள அவர் முடிவு செய்தார். பூச்சிகளையும் நோய்களையும்கூட ஆசிரியர்கள் என்றே கருதினார். ஒரு செடியைப் பூச்சி தாக்கினால், அந்தச் செடி தவறான இடத்திலோ தவறான முறையிலோ வளர்க்கப்படுகிறது என்பதை அந்தப் பூச்சி சுட்டிக்காட்டுகிறது என்பது அவர் வாதம்.

மாடுகளைப் பற்றிய அனுபவம் அவரை இன்னும் ஆழமாகப் பாதித்தது. தம் உழவு மாடுகளுக்கு நல்ல பசுந்தீவனமும் தூய்மையான தொழுவமும் கொடுத்தார். பக்கத்துப் பண்ணையில் கோமாரி நோய் பரவியிருந்த காலத்தில், வேலிக்கு மேலாக அந்த மாடுகளோடு தம் மாடுகள் மூக்கோடு மூக்கு உரசுவதைப் பார்த்தார். அவற்றுக்கு நோய் தொற்றவில்லை. வளமான மண், அதில் விளையும் தீவனம், அதை உண்ணும் விலங்கு, இறுதியில் மனிதன் என்று எல்லாரின் நலமும் ஒரே சங்கிலி என்ற அவருடைய கொள்கைக்கு வித்து இதுதான். சில மாடுகளை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று அறிவியல் மாணவர் கேட்பார். அன்றும் கேட்டார்கள்.

1924இல் ஹாவர்ட் தம்பதியர் இந்தூருக்குச் சென்றனர். அங்கே சுமார் 300 ஏக்கரில் தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆல்பர்ட் அதன் இயக்குநர். இன்று உலகமெங்கும் 'இந்தூர் முறை' என்று அறியப்படும் மட்கு உரத் தயாரிப்பு இங்கேதான் உருவானது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளர் இதில் உடன் உழைத்தார். 1931இல் வெளிவந்த முதல் நூலில் இருவர் பெயரும் உள்ளன. எருக்குழி இந்திய, சீன விவசாயிகளுக்குப் புதிதல்ல. அது ஏன் சில நேரம் நன்றாக மட்குகிறது, ஏன் சில நேரம் நாறுகிறது என்பதைக் கண்டுபிடித்து, யார் செய்தாலும் ஒரே விளைவு வரும்படி ஒழுங்குபடுத்தியதுதான் இவர்களின் சாதனை.

முறை எளிது. செடிகொடிக் கழிவு ஒரு கை உயர அடுக்கு. அதன்மேல் மெல்லிய அடுக்காகச் சாணமும் மாட்டுக் கோமியம் ஊறிய மண்ணும். பிறகு சிறிது விறகுச் சாம்பல். அளவைப் பார்த்தால் மூன்று பங்கு தாவரக் கழிவுக்கு ஒரு பங்கு சாணம். இப்படி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். சாம்பல் ஏன்? மட்கும்போது உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது. நம் பாட்டிமார் பாத்திரம் துலக்கிய அதே அடுப்புச் சாம்பல்தான். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் காரத்தன்மை இங்கே நுண்ணுயிர்களுக்கு உதவுகிறது. குவியலைப் பிழிந்த பஞ்சு போல ஈரமாக வைத்து, மூன்று முறை கிளறிவிட்டால், ஏறக்குறைய 90 நாளில் கரிய, உதிரியான, மண் வாசனை வீசும் உரம் கிடைக்கும். முதலில் குவியல் கை வைக்க முடியாத அளவு சூடாகும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும்.

நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். தண்ணீர் மிகுந்தால் காற்று நுழையாது. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் தொடங்கும். இதனால்தான் வறண்ட காலத்தில் குழியிலும், மழைக்காலத்தில் தரைக்கு மேலே குவியலாகவும் உரம் தயாரிக்க இந்தூரில் ஏற்பாடு செய்தார்கள். பிற்பகல்தோறும் மழை கொட்டும் நம் ஊர்களுக்குக் குவியலே பொருந்தும். மேலே ஒரு மூடியும் தேவை. சமையலறைக் கழிவை மட்டும் வாளியில் நிரப்பி, புழு வந்துவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் போதிய அளவு கலந்தால் பாதித் தொல்லை தீரும்.

1930இல் கேப்ரியல் ஜெனீவாவில் காலமானார். மறு ஆண்டு ஆல்பர்ட் பதவியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியலின் தங்கை லூயிஸை மணந்தார். 1934இல் சர் பட்டம் வந்தது. 1935இல் காந்தியின் 'ஹரிஜன்' இதழ் இந்தூர் முறையைக் கிராமங்களுக்கு எடுத்துச் சொன்னது. 1940இல் வெளிவந்த ஹாவர்டின் 'வேளாண் சாசனம்' என்ற நூல், மண்ணைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்று கணக்கில் அடக்கிவிடும் போக்கைக் கடுமையாகத் தாக்கியது. அதைப் படித்த ரோடேல் என்ற அமெரிக்கப் பதிப்பாளர், 1942இல் இயற்கை விவசாயத்துக்கும் தோட்டக்கலைக்கும் ஓர் இதழைத் தொடங்கினார்.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் ஓரிடம் உண்டு. அங்கே தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் ஷார்ஃப், 1940 வாக்கில் தம் பொறுப்பில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களை, மட்கு உரம் இட்ட நிலத்தில் தங்கள் குடும்பங்களுக்கான காய்கறியைப் பயிரிடச் செய்தார். நோய் குறைந்தது, உடல் வலு கூடியது என்று அவர் பின்னர் எழுதினார். புள்ளிவிவரம் தொகுப்பதற்குள் ஜப்பானியப் படையெடுப்பு எல்லாவற்றையும் குலைத்துவிட்டது. ஹாவர்ட் இதைத் தம் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். சான்று அவ்வளவு உறுதியானதல்ல. நாள்தோறும் புதிய கீரையும் காயும் சாப்பிட்டாலே, எந்த உரத்தில் விளைந்திருந்தாலும், வாடிய உடல் தேறும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. என்றாலும், தோட்டம் போட ஒரு துண்டு நிலமும் அதற்கு நேரமும் கிடைத்தபோது அந்தத் தொழிலாளர்கள் என்ன செய்து காட்டினார்கள் என்பது சிறிய செய்தியல்ல. அன்று அங்கே மண்வெட்டி பிடித்தவர்களில் நம் வாசகர் சிலரின் பாட்டன், பூட்டன்கள் இருந்திருக்கலாம்.

பிற்காலத்தில் ஹாவர்ட் பிடிவாதக்காரராகவே மாறினார். ஆராய்ச்சி நிலையங்களின் சிறு பாத்திச் சோதனைகளை நம்ப மறுத்தார். 1946இல் இங்கிலாந்தில் மண் சங்கம் தொடங்கியபோது, தம் கருத்துகளால் ஊக்கம் பெற்றவர்கள் அதில் இருந்தும் அவர் சேரவில்லை. மண்ணின் நலமே மனிதரின் எல்லா நோய்க்கும் விடை என்ற அளவுக்கு அவர் சென்றதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. மண்ணில் உள்ள மட்கும் நுண்ணுயிரும் பயிருக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர் சொன்னதோ இன்று பாடநூல்களில் இருக்கிறது.

1947ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அவர் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1953இல், இந்தியாவில் அவர் செய்த பணிகளைப் பற்றி லூயிஸ் ஒரு நூல் எழுதினார். பூசாவிலும் இந்தூரிலும் அக்காள் கேப்ரியல் ஆற்றிய பங்கையும் அதில் அவர் பதிவு செய்திருக்கிறார்.