இரவின் முகங்களை எழுதிய லோத்ரெக்

பாரிஸ் மாநகரின் வடபுறத்தே உயர்ந்து நிற்கும் குன்றுக்கு மோன்மார்த்ர் என்று பெயர். 1860ஆம் ஆண்டுவரை அது நகர எல்லைக்கு வெளியே காற்றாலைகளும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. நகருக்குள் நுழையும் மதுவுக்குத் தீர்வை உண்டு. எல்லைக்கு வெளியே அது இல்லை. ஆகவே மலிவாகக் குடிக்கவும் ஆடவும் விரும்பியவர்கள் குன்றேறினர். நகரோடு இணைந்த பின்னும் அப்பழக்கம் போகவில்லை. வாடகை குறைவென்பதால் ஓவியரும் கவிஞரும் குடியேறினர், விளக்குகள் பெருகின, இரவு அங்கே ஒரு தொழிலாயிற்று. அத்தொழிலில் உழைத்தவர்களின் முகங்களை உலகம் இன்று அறிந்திருப்பதற்கு முதற்காரணம் ஆன்ரி தெ துலூஸ் லோத்ரெக் என்னும் ஓவியர்.

அவர் பிறந்தது தென் பிரான்சின் ஆல்பி நகரில், 1864 நவம்பர் 24ஆம் நாள். தந்தை அல்ஃபோன்ஸ் பிரபு. வேட்டையும் குதிரையும் பருந்துமே அவருக்கு உலகம். தாய் அடேல். இருவரும் நெருங்கிய உறவுமுறையினர். அவர்களுடைய அன்னையர் உடன்பிறந்தவர்கள். சொத்து வெளியே போகாமலிருக்க உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுத்தனர். இளையவன் மழலைப் பருவத்திலேயே இறந்தான். மூத்தவருக்கோ எலும்பு உறுதியில்லை. 1878இல் ஒரு தொடை எலும்பும் அடுத்த ஆண்டு மற்றதும் முறிந்தன. கால்கள் அதன்பின் வளரவேயில்லை. உடல் வளர்ந்தவனுடையது, கால்கள் சிறுவனுடையவை. நின்றால் ஏறத்தாழ ஐந்தடி. குதிரையேற முடியாத மகன்மீது தந்தைக்கு இருந்த அக்கறை மெல்லத் தேய்ந்தது. தாய் மட்டும் கடைசிவரை உடனிருந்தார்.

படுக்கையில் கிடந்த நாட்களில் கை ஓயாமல் வரைந்தது. முதலில் வழிகாட்டியவர் ரெனே ப்ரேன்ஸ்தோ, குதிரைகளை எழுதுவதில் வல்லவர், பிறவியிலேயே காது கேளாதவர். 1882இல் பாரிஸ் வந்த லோத்ரெக், சிறிது காலம் பொன்னாவிடமும் பின்னர் மோன்மார்த்ரிலிருந்த கோர்மோனின் கூடத்திலும் பயின்றார். அக்கூடத்தில்தான் வான்கோவின் நட்பு வாய்த்தது. 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியை ஒட்டி நடந்த விருந்தொன்றில் வான்கோவை இழித்துப் பேசிய ஓவியர் ஒருவரை, ஊன்றுகோலோடு நடந்த இம்மனிதர் வாட்போருக்கு அழைத்தார். போர் நடக்கவில்லை, மற்றவர் மன்னிப்புக் கேட்டார்.

கூடத்தில் பகற்பொழுது கழிந்ததும் குன்றின் அடிவாரத்து நெடுஞ்சாலைக்கு அவர் இறங்கிவிடுவார். 1881இல் ரோதோல்ஃப் சாலிஸ் அங்கே தொடங்கிய கறுப்புப் பூனை என்னும் விடுதியைக் கவிஞர்கள் அறிந்திருப்பது நல்லது. மதுக்கோப்பைகளுக்கு நடுவே கவிதை அரங்கேறிய இடம் அது. விடுதிக்கெனத் தனி வார இதழ் இருந்தது. பின்னாளில் நிழற்கூத்தும் நடந்தது. எரிக் சாத்தி பியானோ வாசித்தார். 1885இல் சாலிஸ் பெரிய கட்டடத்துக்குப் பெயர்ந்ததும், பழைய இடத்தில் ஆரிஸ்தீத் ப்ரூவாந் என்னும் பாடகர் மிர்லித்தோன் என்ற தம் விடுதியைத் திறந்தார். சேரி மக்களின் கொச்சை வழக்கிலேயே பாட்டுக் கட்டியவர் ப்ரூவாந். திருடரும் வேசியரும் வேலையற்றோரும் அவர் பாட்டில் பேசினர். வண்டியேறி வந்த செல்வர்களை அவர் வாசலிலேயே வைவார். அவர்கள் காசு கொடுத்து அந்த வசையைக் கேட்டுச் சிரித்தனர். இதில் கொஞ்சம் வணிகமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பிரபு குலத்து இளைஞரான லோத்ரெக்கின் ஓவியங்களைத் தம் சுவரில் மாட்டி வைத்தவர் அவரே. தம் குலப்பெயர் விடுதிச் சுவரில் தொங்குவதைத் தந்தை விரும்பாததால், எழுத்துகளை இடம் மாற்றித் த்ரேக்லோ என்று கையொப்பமிட்ட காலமும் உண்டு.

1889 அக்டோபர் 6ஆம் நாள் மூலேன் ரூழ் திறக்கப்பட்டது. சிவப்புக் காற்றாலை என்பது பொருள். மாவரைக்காத ஆலை, கூரைமேல் சுழலும் இறக்கைகள் வெறும் விளம்பரம். உள்ளே பரந்த ஆடுதளம், சுற்றிலும் மேசைகள், பின்புறத் தோட்டத்தில் மாபெரும் பொம்மை யானை. உரிமையாளர்கள் ஒல்லேரும் ஸித்லேரும். லோத்ரெக்கின் சர்க்கஸ் குதிரைக்காரி ஓவியம் நுழைவுக்கூடத்தில் தொங்கியது. அவருக்கென மேசையும் இருந்தது. அங்கே காலை வானுக்கு வீசி ஆடியவர்களில் தலையானவள் லூயிஸ் வெபெர், சலவைத்தொழிலாளியின் மகள். விருந்தினரின் கோப்பைகளை எடுத்துக் குடித்துவிடுவதால் பெருந்தீனிக்காரி என்னும் பொருளில் லா கூல்யூ என்றே ஊர் அவளை அழைத்தது. அவளுக்கு இணையாக ஆடியவர், எலும்பற்றவர் என்று பட்டம் பெற்ற நெட்டையரான வலந்தேன்.

1891இல் அவ்வரங்குக்கு லோத்ரெக் செய்த சுவரொட்டி அவரை ஓரிரவில் ஊரறியச் செய்தது. ஏறத்தாழ 3,000 படிகள் அச்சாகிப் பாரிஸ் சுவர்களை நிறைத்தன. நடுவில் வெண்பாவாடை சுழல லா கூல்யூ. முன்னே சாம்பல் நிழலாக வலந்தேன். பின்னே வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒரே கருமை. காசு கொடுத்து வந்தவர்களுக்கு முகமில்லை, உழைப்பவளுக்கே முகமும் நிறமும். இவ்வமைப்பைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. அடுத்த பத்தாண்டில் அவர் செய்த பெரும்பாலானவற்றுக்கு அதுவே திறவுகோல்.

சுவரொட்டி கல்லச்சில் உருவானது. சுண்ணக்கல்லின் மேல் பசைமைக்கோலால் தலைகீழாக வரைந்து, நிறத்துக்கொரு கல்லாக அச்சிட வேண்டும். பல்துலக்கியில் மை தோய்த்துத் தூவி அவர் பனிபோன்ற நிறத்தைக் கொணர்ந்தார். அச்சகத்துக்கு விடியலிலேயே சென்று கல்லின் அருகே நிற்பார். முந்திய இரவு முழுதும் விழித்திருந்த மனிதர் அவர். 1893இல் செய்த அச்சோவியம் ஒன்றில், முதிய அச்சுத்தொழிலாளி கோத்தேல் பொறியை இயக்க, நடனமாது ழான் அவ்ரில் புதிய தாளை ஏந்திப் பார்க்கிறாள். உழைப்பவரை உழைப்பவர் பார்க்கும் காட்சி.

இந்த ழான் அவ்ரில் இளமையில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பு நோயாளியாகக் கிடந்தவள். தனியே ஆடுவாள், மெலிந்தவள், வாசிப்பும் உரையாடலும் விரும்பியவள். மேடையில் கால் வீசும் அவளை எழுதிய லோத்ரெக், ஆட்டம் முடிந்து மேலங்கி போர்த்தித் தலைகுனிந்து தனியே வெளியேறும் அவளையும் எழுதினார். மற்றோர் அரங்கான தீவான் ழப்போனேவுக்குச் செய்த சுவரொட்டியில் அவளைப் பார்வையாளர் இருக்கையில் அமர்த்தி, மேடைப் பாடகியின் தலையைத் தாளின் விளிம்பில் வெட்டிவிட்டார். கறுப்பு நீள்கையுறைகளைக் கண்டே அது ஈவெத் கில்பேர் என்று ஊர் அறிந்தது.

கில்பேருக்கும் அவருக்கும் நேர்ந்த பிணக்கு எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்கத்தக்கது. அப்பாடகிக்காக அவர் தீட்டிய சுவரொட்டி வரைவில் கீழிருந்து வரும் மேடைவெளிச்சம் தாடையையும் மூக்கையும் இரக்கமின்றி வெளிப்படுத்தியது. அவலட்சணம் என்று அவர் மறுத்தார். ஆயினும் 1894இல் 16 கல்லச்சுகளோடு அவரைப் பற்றிய தொகுப்பு வெளியானபோது, சுற்றத்தார் வழக்காடச் சொல்லியும் கேளாமல், 100 படிகளிலும் கையொப்பமிட்டார். அழகுபடுத்தாமையில் ஏளனம் இல்லை என்பதைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்திருக்க வேண்டும். பரத்தையர் இல்லங்களிலும் லோத்ரெக் நாட்கணக்கில் தங்கினார். அங்கே அவர் எழுதியவை சீட்டாடும், தலைவாரும், சலித்துக் காத்திருக்கும் பெண்களை. அவர்களைக் கொண்டு 1896இல் வெளியிட்ட எல் என்னும் தொகுப்பு விலைபோகவில்லை. காமம் தேடி வாங்க வந்தவர்களுக்கு அதில் ஏதும் கிடைக்கவில்லை போலும்.

குடி அவரைத் தின்றது. கைத்தடியைக் குடைந்து மது நிரப்பியிருந்த கதையைச் சுவையாகச் சொல்லுவோர் பலர்; குடியால்தான் கலை பிறந்தது என்று முடிப்போரும் உண்டு. கல்லின் மேல் ஒரு கோடும் நடுங்காமல் வரைந்த கைக்கு அது இழுக்கு. 1899இல் நெயி ஊரின் மனநோய் இல்லத்தில் அவரைச் சேர்த்தனர். செய்தித்தாள்கள் பித்தர் என்றன. தம் அறிவு குலையவில்லை என்று மருத்துவருக்குக் காட்ட, சர்க்கஸ் காட்சிகளை நினைவிலிருந்தே வரைந்தார். அத்தொடரில் 39 படங்கள். மே மாதத்தில் விடுவித்தனர். ஆனால் உடல் தேறவில்லை. 1901 செப்டம்பர் 9ஆம் நாள், மால்ரொமேயில் தாயின் மாளிகையில், 36ஆம் வயதில் மறைந்தார். 700க்கு மேற்பட்ட ஓவியங்களும் 350க்கு மேற்பட்ட அச்சோவியங்களும் சுமார் 5,000 வரைபடங்களும் எஞ்சின. நண்பர் ழுவையானின் முயற்சியாலும் தாயின் கொடையாலும் 1922இல் ஆல்பியில் அவருக்கென அருங்காட்சியகம் திறந்தது.

லா கூல்யூவின் கதை வேறு. 1895இல் அவள் மூலேன் ரூழை விட்டு விலகித் திருவிழாச் சந்தையில் சொந்தக் கொட்டகை போட்டாள். முகப்புக்குப் படம் எழுதித் தருமாறு பழைய நண்பருக்குச் செய்தி அனுப்பினாள். அவர் இரண்டு பெரிய திரைகளை எழுதித் தந்தார். ஒன்றில் மூலேன் ரூழில் ஆடிய பழைய லா கூல்யூ. மற்றொன்றில் கொட்டகையில் ஆடும் புதியவள், எதிரே முதுகுகாட்டி நிற்கும் கூட்டத்தில் ஆஸ்கார் வைல்டும் லோத்ரெக்கும். வைல்ட் இலண்டனில் குற்றக்கூண்டேறிய ஆண்டு அது. கொட்டகை நிலைக்கவில்லை. திரைகள் கைமாறின, ஒரு வணிகர் அவற்றைத் துண்டுகளாக வெட்டி விற்றார். முதுமையில் அவள் வண்டிவீட்டில் வாழ்ந்து, தான் அரசாண்ட அரங்கின் அருகிலேயே சிறுபொருள் விற்றுப் பிழைத்தாள். 1929இல் இறந்தாள். அதே ஆண்டில் துண்டுகள் அரசு அருங்காட்சியகத்துக்கு வாங்கப்பட்டு மீண்டும் தைக்கப்பட்டன. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. நகருக்கு வெளியே பாந்தேனில் புதைத்த அவள் எச்சங்களை 1992இல் மோன்மார்த்ர் கல்லறைக்குக் கொண்டுவந்தனர்.