தொழிலமைச்சராய் அமர்ந்த ஆசிரியர்

ஈழத்து முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் மர்ஹூம் ரீ. பி. ஜாயா அவர்களை விலக்கிவிட்டு எழுதுதல் இயலாது. கல்விமான் என்றும், நாவலர் என்றும், நாட்டு விடுதலைக்குத் துணைநின்ற பெரியார் என்றும் அவரைப் போற்றி வருகின்றோம். ஆயின், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூகசேவை அமைச்சராய் அமர்ந்தவரும் அவரே என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. யந்திரத்தின் அருகே நின்று உழைப்போரின் உயிரையும் உறுப்பையும் காக்க எழுந்த சட்டத்தோடு அவர் வாழ்வு எவ்வாறு இணைந்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1ஆந் தேதி கலகெதரவில் மலாயர் குடும்பமொன்றிற் பிறந்தார். கொழும்பு முகத்துவாரத்தில் அந்நாளில் இயங்கிய பரிசுத்த தோமாவின் கல்லூரியிற் பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். கண்டித் தர்மராஜக் கல்லூரி, மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி, கொழும்பு ஆனந்தக் கல்லூரி ஆகியவற்றிற் கற்பித்தார். கிறித்தவக் கல்லூரியிற் கற்று, பௌத்தக் கல்லூரிகளிற் கற்பித்த அவர், பல இனத்தாரோடும் பழகி அவர்தம் உள்ளம் அறிந்தவரானார். 1921இல் மருதானை ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அன்று மிகச் சிலரே பயின்ற அக்கல்லூரி, அவர் நீங்கிய 1947இல் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாய் ஓங்கி நின்றது. கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கமை ஆகிய ஊர்களிலும் அதன் கிளைகள் தோன்றின.

1924இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவான அவர், 1936இல் அரசாங்க சபையின் நியமன உறுப்பினரானார். 1945இல் அச்சபையில் சுதந்திர இலங்கை மசோதா விவாதிக்கப்பட்டபோது, தம் சமூகத்துக்கெனத் தனிச்சலுகை பேரம் பேசாது, விடுதலைக்கு முழு ஆதரவு நல்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் கொழும்பு மத்திய தொகுதியில் வென்று அமைச்சரானார். துறைமுகத் தொழிலாளரும் பட்டறைத் தொழிலாளரும் செறிந்து வாழும் தொகுதி அது. தொழிற்சங்கத் தந்தை எனப் பெயர் பெற்ற ஏ. ஈ. குணசிங்கவும் அத்தொகுதியிலேயே தெரிவானார்.

தொழிலாளர் உரிமையின் அடிநிலையை ஈண்டு விளக்குதல் வேண்டும். முற்காலத்தில், வேலைத்தலத்தில் ஒருவன் கையிழந்தால், முதலாளியின் கவனக்குறைவே அதற்குக் காரணம் என்று அவனே வழக்காடி நிறுவல் வேண்டும். கையிழந்து, கூலியிழந்து, நாளை அடுப்பெரியுமோ என்று ஏங்குபவன் வழக்கறிஞருக்குப் பணம் தேடுவது எங்ஙனம்? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். முதலாளியின் குற்றத்தை நிறுவ வேண்டுவதில்லை. இழந்த உறுப்புக்கேற்பத் தொகை கணிக்கப்படும். உயிரிழந்தால், அவனை நம்பியிருந்தோர்க்கு அது சேரும். கோரிக்கையை விசாரிக்கத் தனி ஆணையாளர் உளர்.

நட்டஈடு, தீங்கு நேர்ந்த பின்னர் வருவது. தீங்கு நேராமற் காப்பதற்கென எழுந்தது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். சுழலும் சில்லு, ஓடும் வார்ப்பட்டி, கடிக்கும் பற்சக்கரம் முதலிய ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான மறைப்பு இடுதல் வேண்டும். கடும் விபத்து நேர்ந்தாற் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும் என்று அது விதித்தது. அது நிறைவேறியபோது ஜாயா சபையில் அங்கம் வகித்தார். எனினும், அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 1ஆந் தேதியே. அவர்தம் அமைச்சுக் காலத்தின் இறுதியாண்டு அது. ஏறத்தாழ எட்டாண்டுகள் ஏட்டிற் கிடந்த விதி அப்போதுதான் ஆலையினுள்ளே நுழைந்தது. அக்காலத்திலேதான், 1949 முதலாக, நம் பகுதியிற் கல்லோயாத் திட்டத்துக்கென மண்வெட்டும் பெரு யந்திரங்களும் வந்திறங்கின.

புகழ்வதே கடன் என்று குறையை மறைத்தல் வரலாற்றுக்கு அறமன்று. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அவர் அங்கம் வகித்த அமைச்சரவையின் சட்டமே. தொழிலாளரின் உறுப்புக்கு விலை வகுத்த நாடு, அவருள் ஒரு பெரும் பகுதியினரின் உரிமையைப் பறித்த முரண்பாட்டில் அமைச்சர் என்ற முறையில் அவருக்கும் பங்குண்டு.

1950இல் பாகிஸ்தானுக்கு உயர் ஸ்தானிகராகச் சென்ற ஜாயா, 1960இல் ஹஜ்ஜுக் கடனை நிறைவேற்றப் புறப்பட்டார். மே 31ஆந் தேதி மதீனமாநகரில் அவர் ஆவி பிரிந்தது.

அவர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் என் மாணவன் ஒருவனின் தந்தை நினைவுக்கு வருகிறார். நம் கரையோரத்து நெல்லாலை ஒன்றில் வேலை செய்தவர். மறைப்பில்லாத வார்ப்பட்டி அவர் வலக்கையைப் பற்றி இழுத்து மூன்று விரல்களைப் பறித்தது. மருந்துச் செலவும் ஒரு மூடை அரிசியும் கொடுக்கப்பட்டன. எல்லாம் விதி என்று ஊரார் ஆறுதல் கூறினர்; அவரும் அமைந்தார். மகனுக்கு விடுகைப் பத்திரம் பெற அவர் என்னிடம் வந்தபோதுதான் செய்தி அறிந்தேன். இடக்கையால் அவர் ஒப்பமிட்டதைக் கண்டு வினவினேன். அதற்குள் கோரிக்கைக்குச் சட்டம் குறித்த காலவரை கடந்துவிட்டிருந்தது. ஏட்டிலே சட்டம் இருந்தது. எடுத்துச் சொல்ல ஒருவரும் இலர். எழுத்தறிந்த ஆசிரியனாகிய யானும் அவ்வூரிலேதான் இருந்தேன்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் ஆலை உள்ளோரும் ஆலையில் உழைப்போரும் ஒரே பள்ளிவாசலில், ஒரே அணியில் நிற்பவர்கள். உறவின் முகம் பார்த்து உரிமை கேளாதிருத்தலும், உதவி செய்துவிட்டோம் என்று உரிமையை மறத்தலும் நம்மிடையே உண்டு. உதவி வேறு, உரிமை வேறு. விபத்து நேர்ந்த அன்றே நாளையும் இடத்தையும் கண்டோர் பெயரையும் எழுதி வைத்தலும், மருத்துவச் சான்றுகளைப் பேணுதலும், தொழில் அலுவலகத்தை நாடுதலும் பகைமைச் செயல்கள் அல்ல. படித்த பிள்ளை உள்ள வீடெல்லாம் இவற்றைச் செய்யலாம்.

பெரியார் ஜாயா வாழ்நாளிற் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதிற் செலவிட்டார். அந்த எழுத்தறிவு, தந்தையின் விரலுக்குரிய நீதியைக் கேட்டு ஒரு மனு எழுதவும் பயன்படுமாயின், அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் அவருக்கு வேண்டுவதில்லை.